கோலத்தின் மேல் ஒரு சொட்டு

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. எது நடந்தாலும் அதற்குப் பின்னால் ஓர் ஆளைத் தேடுவான். வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் மற்றவர்கள் துடைப்பத்தைத் தேடுவார்கள். அவன் குற்றவாளியைத் தேடுவான். இந்தப் பழக்கத்தால் என் கதைகளுக்கு ஓரளவு நன்மை உண்டு. ஆனால் ஒரு நல்ல மனிதருக்கு அதனால் நேர்ந்த அவமானத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வண்டி ஒரு மாருதி ஆம்னி வேன். 2004-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் அப்பா வாங்கியது. வாங்கி நாலு மாதத்துக்குள் சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்து ஜனங்கள் வீடு வாசல் இழந்து கிடந்தபோது, மஞ்சக்குப்பத்திலிருந்து சாதப் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு அப்பா அந்த வேனில் நாலைந்து நாள் போய் வந்தார். புது வண்டியின் ஸீட்டில் சாம்பார் கறை படிந்தது. அந்தக் கறையை அவர் கடைசி வரை துடைக்கவிடவில்லை. இப்போது அப்பா இல்லை. கறை இருக்கிறது.

ஆம்னியை அறியாத வாசகர் இருக்க மாட்டார். 1984-இல் ‘மாருதி வேன்’ என்று வெளிவந்து, சில வருஷங்களுக்குப் பின் ஆம்னி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2019 வரை உற்பத்தியில் இருந்த வண்டி அது. 796 சி.சி. எஞ்சின். மூன்று சிலிண்டர். எஞ்சினை முன் ஸீட்டுக்கு அடியிலேயே வைத்துவிட்டார்கள். அதனால் சித்திரை மாதத்தில் வண்டி ஓட்டுகிறவன் அடுப்பின் மேல் மணை போட்டு உட்கார்ந்தவன் மாதிரிதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுமந்தது, நோயாளிகளைச் சுமந்தது, கல்யாணச் சமையல் அண்டாக்களைச் சுமந்தது. இத்தனை புண்ணியம் செய்தும், சினிமாக்காரர்கள் அதற்குக் கொடுத்த வேஷம் ஆள் கடத்தும் வேஷம்தான். உலகத்தில் நியாயம் என்பது அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த வண்டிக்கு ஒரே ஓர் உத்தியோகம் மிச்சம் இருந்தது. என் தாயாருக்கு எழுபத்து நாலு வயது. முழங்கால் மடங்காது. பஸ் படி அவளுக்கு மலை. சாதாரணக் காரில் குனிந்து நுழைவதும் முடியாது. ஆம்னியில் பக்கவாட்டுக் கதவை இழுத்துத் தள்ளினால், தாழ்ந்த தரை. முதலில் உட்கார்ந்துகொண்டு அப்புறம் காலை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். சிதம்பரத்தில் பெரியம்மா இருக்கிறாள். அவளுக்கு எண்பத்தொன்று. 2022-இல் கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபின் அவள் வாசல் திண்ணையைத் தாண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் போய், அக்காளும் தங்கையும் ஒரு பகல் பூராவும் பேசிவிட்டு வருவார்கள். என்ன பேசுவார்கள் என்று கேட்காதீர்கள். பாதி நேரம் இரண்டு பேரும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சும்மா இருப்பதற்காக அம்மா பதின்மூன்று நாள் காத்திருப்பாள்.

விஷயம் ஆரம்பமானது 2024-ஆம் வருஷம் புரட்டாசியில். சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பெரியம்மா வீடு. சனிக்கிழமை போன நாங்கள் அன்று மழைக்குப் பயந்து இரவு தங்கிவிட்டோம். விடியற்காலையில் பெரியம்மாவின் மருமகள் வாசல் தெளித்துக் கோலம் போட வந்தாள். வேனைச் சற்றுத் தள்ளி நிறுத்தச் சொன்னாள். தள்ளினேன். அவள் புள்ளி வைத்து, இழை இழுத்து, கோலத்தை முடித்துவிட்டு உள்ளே போனாள். பிறகு சிதம்பரம் ஸ்டேஷன் வரை ஒரு நடை போய் வந்த நான், அசதியில் வண்டியைப் பழைய இடத்திலேயே, அதாவது கோலத்தின் மேலேயே, நிறுத்தித் தொலைத்தேன். காபி சாப்பிட்டு வந்து பார்த்தால், நடுக்கோலத்தில் கறுப்பாய் ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொரு சொட்டு விழுந்துகொண்டிருக்கிறது.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏண்டா தம்பி, உங்க வண்டிக்கும் எங்களை மாதிரி அடக்க முடியல்லையா?” என்றாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், தரையில் விழும் சொட்டு ஒரு கடுதாசி மாதிரி. எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயிலாக இருந்தால் கறுத்து, கருகல் வாசனை அடிக்கும். பிரேக் ஆயில் மெல்லிசு. பெயிண்டில் பட்டால் பெயிண்டையே உரித்துவிடும். ரேடியேட்டர் தண்ணீரில் பெரும்பாலும் பச்சையோ சிவப்போ சாயம் கலந்திருக்கும். கியர் ஆயிலுக்கு இருக்கிறது பாருங்கள், அதன் நாற்றமே தனி. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று நெரிபடும்போது தேய்ந்து போகாமல் இருக்க அதில் கந்தகம் சேர்ந்த மருந்து கலந்திருக்கிறார்கள். விரலில் தொட்டு மோந்தால் அழுகின முட்டையும் பூண்டும் சேர்ந்த மாதிரி மூக்கைத் துளைக்கும். நான் தொட்டு மோந்தேன். சந்தேகமே இல்லை. கியர் ஆயில்.

அன்று மாலை அமெரிக்காவிலிருந்து பெரியம்மாவின் இளைய மகன் போனில் பேசினான். அவனிடமும் ஒரு பழைய வேன் இருக்கிறது. அங்கே கிரைஸ்லர் கம்பெனியார் குடும்ப வேனைக் கொண்டுவந்ததும் நம் மாருதி வேன் பிறந்த அதே சமயத்தில்தான். 1983 கடைசியில் வெளிவந்த 1984-ஆம் வருஷத்து மாடல். “அண்ணா, சிவப்பா இருக்கா?” என்று கேட்டான். அங்கே வண்டிகள் பெரும்பாலும் தானே கியர் மாற்றிக்கொள்பவை. அவற்றில் ஊற்றும் எண்ணெய்க்கு, எஞ்சின் ஆயிலோடு குழம்பாமல் இருக்கச் சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள். அந்த எண்ணெயின் அழுத்தத்தினால்தான் அந்தக் கியர் பெட்டியே வேலை செய்கிறது. குறைந்துவிட்டால் வண்டி நின்ற இடத்தில் உறுமும், நகராது. நம்முடையது கையால் போடும் கியர். இதில் எண்ணெய் பற்களை வழுக்கலாக வைத்திருப்பதற்கு மட்டும். குறைந்தாலும் வண்டி ஓடும். அதுதான் ஆபத்து. ஓடிக்கொண்டே உள்ளுக்குள் தேயும். ஊளையிட ஆரம்பித்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

சொட்டு எது என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, யார்?

அந்த இடத்தில்தான் என்னுடைய தொழில் புத்தி வேலை செய்தது. ஆவணியில் வண்டிக்கு இருபது வயது முடிந்தது. பதினைந்து வருஷம் ஆனதும் ஒரு தரம், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக வண்டியைக் கடலூர் முதுநகரில் பாயிடம் விட்டு, எல்லா ஆயிலையும் மாற்றச் சொன்னேன். கியர் ஆயிலும் மாற்றினார். மாற்ற வேண்டுமானால் பெட்டியின் அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றிப் பழசை வடியவிட்டு, திரும்ப முடுக்க வேண்டும். ஆவணியில் கழற்றிய போல்ட்; புரட்டாசியில் ஒழுகல். காரணம், காரியம், ஆள், மூன்றும் கிடைத்துவிட்டன. ஒரு சிறுகதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாய் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர். முதுநகரில் ஒரு வேப்பமரத்தடியில் ஷெட். வாங்கிய நாளிலிருந்து அந்த வேனில் அவர் கைதான். அப்பா உயிரோடு இருந்தவரை, “வண்டிக்கு டாக்டர் வேற, கம்பவுண்டர் வேற கிடையாது, எல்லாம் பாய்தான்” என்பார்.

திங்கட்கிழமை காலையில் போனேன். ஷெட்டில் இரண்டு பையன்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வேறு ஒரு வண்டிக்காரரும் உட்கார்ந்திருந்தார். நான் அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி, “இருபது வருஷமா கை வெச்ச வண்டி பாய். ஒரு போல்ட்டை ஒழுங்கா முடுக்கக்கூட மறந்து போச்சா? முடியலேன்னா பசங்ககிட்ட விட்டுடலாமே” என்றேன்.

ஒரு பையன் ஸ்பானரைக் கீழே வைத்தான். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். பிறகு, “விட்டுட்டுப் போங்க தம்பி, பார்க்கறேன்” என்றார்.

இரண்டு நாள் பார்த்தார். போல்ட் இறுக்கமாக இருந்தது. அதன் வாஷரும் புதுசு. எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டாலும் பிதுங்கும் என்று, பக்கவாட்டில் உள்ள மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். துளையின் விளிம்பு வரை இருந்திருக்க வேண்டியது, கொஞ்சம் குறைவாகவே இருந்தது. முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் என்று ஊருக்குள் நாலு சுற்றுச் சுற்றி வந்து, அடியில் அட்டையைப் போட்டு இரவு முழுவதும் நிறுத்தினார். அட்டையில் பொட்டுக்கூட விழவில்லை.

“வேற எங்கனா வேலை குடுத்தீங்களா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

இந்த ‘இல்லை’யை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. வைத்தியரிடம் போகிற நோயாளி, “வேறு மருந்து சாப்பிட்டீங்களா?” என்ற கேள்விக்கு, பெட்டிக் கடையில் வாங்கித் தின்ற லேகியத்தை மருந்தென்றே கருதாமல் தலையாட்டுவான் இல்லையா, அந்த ஜாதி ‘இல்லை’.

அடுத்த தடவை சிதம்பரம் போனோம். மறுபடியும் சொட்டியது. இந்தத் தடவை மருமகள் முன்ஜாக்கிரதையாக ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் போட்டிருந்தாள். அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பாய் தம் தப்பை மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவரிடம் போகாமல் பெரிய ஒர்க் ஷாப் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கியர் பாக்ஸை இறக்கணும் சார், ஸீல், பேரிங், கிளட்ச், எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ஆகும். இந்த வண்டிக்கு அவ்வளவு போடறதுக்கு, வந்த விலைக்குத் தள்ளிடலாம்” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவனுக்கு அது ஒரு கிழட்டு வண்டி, அவ்வளவுதான்.

வீட்டில் ஆலோசனை நடந்தது. என் மனைவி கணக்குப் பார்த்தாள். மகன் தன் செல்போனில் பழைய வண்டி விலையெல்லாம் பார்த்துச் சொன்னான். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த சிதம்பரச் சனிக்கிழமை வந்தபோது, “இந்த வாரம் வேண்டாம்ப்பா, மழை வர மாதிரி இருக்கு” என்றாள். நான் வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

அதற்கு மறுநாள் பாய் தம் மொபெட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அம்மா அவருக்குப் போன் செய்திருக்கிறாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே, “ஊருக்குள்ள சொட்டலை. வீட்ல நிறுத்தினா சொட்டலை. சிதம்பரத்துல மட்டும் சொட்டுது. வண்டிக்குச் சிதம்பரத்து மேல என்ன கோவம் தம்பி? நான் ஒரு நாள் கூட வர்றேன். பாத்துடுவோம்” என்றார். சற்றுப் பொறுத்து, “எண்ணெ சொட்டற இடம் வேற, ஒழுகற இடம் வேற” என்றும் சொன்னார்.

அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் அவர் வேலையைப் பார்த்தபோது புரிந்தது. ஒழுகின எண்ணெய் ஒழுகின இடத்தில் நிற்காது. பெட்டியின் மேல் வழிந்து, ஓடும்போது காற்று அடித்துப் பின்னால் தள்ளி, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடம் எதுவோ அங்கே போய்ச் சொட்டாகத் தொங்கும். தாழ்ந்த இடத்தில் இருப்பது வடிகால் போல்ட். எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. நனைந்திருக்கிற இடங்களில் எது மிகவும் மேலே, மிகவும் முன்னே இருக்கிறதோ, அதுதான் மூலம்.

ஆகவே பாய் முதலில் அடிப்பாகம் முழுவதையும் டீசல் விட்டுக் கழுவித் துடைத்துக் காயவைத்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். முகத்துக்குப் பூசுகிற பவுடர் டப்பாவை வாங்கிவரச் சொல்லி, துணியில் தொட்டுத் தொட்டு நாலு இடத்தில் அப்பினார். எண்ணெய் ஒழுகக்கூடிய வாசல்கள் அவை: வடிகால் போல்ட், வேகமானியின் கேபிள் நுழைகிற இடம், எஞ்சினோடு பெட்டி சேர்கிற முன்பக்கம், பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகிற நீள இரும்புத் தண்டு பெட்டிக்குள் நுழைகிற பின்பக்கம். முன்பக்கத்தில் ஒழுகினால் கிளட்ச் வழுக்கும், செலவு பெரிசு. பின்பக்கத்தில் ஒழுகினால் தண்டைக் கழற்றிவிட்டு ஒரு ரப்பர் ஸீலை மாற்றலாம், செலவு சிறிசு. பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கே உண்மை இருக்கிறது.

மறுநாள் காலை கிளம்பினோம். அம்மாவும் வந்தாள். “வண்டிக்கு வைத்தியம் பார்க்கறச்சே நானும் கூட இருக்கேன்” என்றாள். ஆலப்பாக்கத்தில் நிறுத்தி, பாய் ஒரு கோணியை விரித்துப் படுத்து டார்ச் அடித்தார். நாலு இடமும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. புதுச்சத்திரத்தில் நிறுத்தினோம். பின் ஸீலைச் சுற்றி மட்டும் ஈரக் கோடு. போல்ட் பவுடர் கலையாமல் இருந்தது. எழுந்து வந்தவர், “போல்ட்டு இல்லை தம்பி” என்று மட்டும் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

“அப்போ ஸீல் போயிடுத்து, அவ்வளவுதானே?” என்றேன், பேச்சை மாற்ற.

“ஸீல் போயிருந்தா டவுன்லயும் ஒழுகணுமே” என்றார்.

பி. முட்லூர் கூட்டுரோட்டுக்கு வந்தபோது சொட்ட ஆரம்பித்துவிட்டது. அங்கே ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியை மேடைமேல் ஏற்றி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். பாய் அடியில் நின்று பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு, பெட்டியின் தலைமேல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரலை விட்டுத் துழாவினார். குழந்தையின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தாய் தேடுகிற மாதிரி. சட்டென்று கை நின்றது.

“இது என்ன தம்பி?”

விரல் நுனியில் கறுப்பாக, ரப்பர் மாதிரி ஒரு படலம்.

எனக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஆவணியில், பதிவுக்குக் கொண்டுபோகும் முன், வண்டியின் அடித்தகட்டில் துரு தெரிகிறதே என்று பயந்தேன். கடலூர் உப்புக் காற்றுக்கு இரும்பு கருவாடு மாதிரி. யாரோ சொன்னார்கள் என்று ஒரு கடையில் கொடுத்து, அடிப்பாகம் பூராவும் துருப்பிடிக்காத கறுப்புப் பூச்சு அடித்துக்கொண்டு வந்தேன். அதை நான் ‘வேலை’ என்றே நினைக்கவில்லை. பெயிண்ட் அடிப்பது வேலையா? அந்தக் கடைக்காரன் காற்று அழுத்தத்தில் பீச்சினவன், போகிற போக்கில் கியர் பெட்டியின் தலைமேலும் பீச்சியிருக்கிறான்.

சொன்னேன். பாய் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, அந்தப் படலத்தைச் சுரண்டி, உள்ளே இருந்த சின்ன மூடியை அசைத்தார். ‘புஸ்’ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கே கேட்டது. “அப்பாடா” என்றாள், வண்டிக்குப் பதிலாக.

விஷயம் இதுதான். கியர் பெட்டிக்குள் எண்ணெய் மட்டும் இல்லை. அதற்கு மேல் காற்றும் இருக்கிறது. ஓட ஓட எண்ணெய் சூடாகும், காற்றும் சூடாகும். முப்பது டிகிரியில் அடைத்த காற்றை எண்பது டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. இது நான் பிளஸ் டூவில் படித்துப் பரீட்சையிலும் எழுதிய பாடம். அந்த அழுத்தம் வெளியேறுவதற்காகத்தான் பெட்டியின் உச்சியில் ஒரு சிறு மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். துளையை அடைத்துவிட்டால் காற்று வேறு வழி தேடும். ஸீல் என்பது தண்டைக் கவ்விக்கொண்டிருக்கிற ஒரு ரப்பர் உதடு. இருபது வயது வண்டியின் உதட்டை விலக்குவதற்கு அவ்வளவு அழுத்தம் போதும். காற்று முட்டித் தள்ள, எண்ணெய் முன்னால் வருகிறது. ஊருக்குள் பத்து நிமிஷம் ஓடினால் பெட்டி அவ்வளவு சூடாவதில்லை, ஒழுகுவதுமில்லை. சிதம்பரம் வரை ஒரு மணி நேரம் ஓடினால்தான் மூச்சு முட்டுகிறது. வண்டிக்குச் சிதம்பரத்தின் மேல் கோபம் ஒன்றுமில்லை. ஆறும்போது இன்னொரு கெடுதலும் உண்டு. உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருந்து தூசியையும் மழைத் தண்ணீரையும் அந்த உதட்டு வழியாகவே உறிஞ்சும். எண்ணெய் கெடும்.

பாய் ஸீலைச் சுற்றித் துடைத்துப் புதிதாகப் பவுடர் அப்பினார். குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பினார். வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம் போனோம். அன்று வண்டியைப் பெரியம்மா வீட்டு வாசலில், கோலத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினேன். மருமகள் அட்டையைக் கொண்டுவந்து போட்டாள். சாயங்காலம் வரை ஒரு சொட்டு இல்லை.

பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாம் சேர்ந்து என்ன ஆச்சு? ஒரு ஓட்டையைக் காணோம், அதைத் தேடிக் கண்டுபிடிச்சீங்க. சிதம்பர ரகசியம்தான் போ” என்றாள். திரையை விலக்கினால் வெற்றிடத்தைக் காட்டுகிற ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எத்தனையோ இரும்பும் எண்ணெயும் சேர்த்துச் செய்த பெட்டி, ஒன்றுமே இல்லாத ஒரு துளையை நம்பி இருக்கிறது.

திரும்பி வரும்போது கடலூர் வரையில் மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். பவுடர் அப்படியே இருந்தது. ஆனாலும் பாய், “ஒரு தரம் மடங்கின உதடு, நம்பக் கூடாது” என்று சொல்லி, மறு வாரம் அந்த ஸீலையும் மாற்றிவிட்டார். ஸீலும் கூலியும் எண்ணெயும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இருபத்திரண்டாயிரத்துக்குக் கியர் பெட்டியை இறக்கி, எல்லாம் புதுசு போட்டு, அந்தத் துளையை மட்டும் அப்படியே விட்டிருந்தால், அடுத்த மாதமே பெரியம்மா வீட்டுக் கோலத்தில் மறுபடியும் சொட்டியிருக்கும். அப்போது நான் யாரைக் குற்றவாளி ஆக்கியிருப்பேனோ!

வண்டியை எடுக்கப் போன அன்று நான் ஒரு தீர்மானத்தோடு போனேன். பழி சொன்னது நாலு பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்வது கோழைத்தனம். இரண்டு பையன்களும் இருந்தார்கள். முன்பு உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் இல்லை. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அவர் எங்கேயாவது யாரிடமாவது, “பாய்க்கு வயசாயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் இருக்கலாம். விட்ட சொல்லைக் கழுவ டீசல் கிடையாது.

“பாய், அன்னிக்கு நான் பேசினது தப்பு. போல்ட்டும் சரியா இருந்தது, உங்க கையும் சரியா இருந்தது. தப்பு என்னோடது. நீங்க கேட்டப்போ பூச்சு அடிச்சதைச் சொல்லாததும் நான்தான்” என்றேன். இரண்டு பையன்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். “வாப்பாவும் ஒரு தடவை இப்படித்தான் சத்தம் போட்டாரு, ரேடியேட்டருக்கு. மறுநா வந்து டீ வாங்கிக் குடுத்தாரு” என்றார். என் தகப்பனாரை அவர் வாப்பா என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. நான் ஒரு பையனிடம் பணத்தைக் கொடுத்து நாலு டீ வாங்கிவரச் சொன்னேன். சிதம்பரம் வந்து போன ஒரு பகலுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். அதற்குக் காசு வாங்கமாட்டேன் என்றார். “அது என் பேருக்காக வந்தது” என்றார்.

வாசகர்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் சொட்டைக் கண்டால் முதலில் தொட்டு மோந்து பாருங்கள். எப்போது சொட்டுகிறது, எப்போது சொட்டவில்லை என்று குறித்து வையுங்கள். நின்றபோதா, ஓடியபின்பா, ஊருக்குள்ளா, வெளியூரிலா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. அடிப்பாகத்தைக் கழுவாமல் யார்மேலும் பழி சொல்லாதீர்கள். ஸீலை மாற்றும் முன் மூச்சுத் துளை திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் “வேறு எங்கே கொடுத்தீர்கள்?” என்று கேட்டால், அற்பமென்று நீங்கள் நினைப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்தபின்பும் ஆளைத் தேடத் தோன்றினால், முதலில் உங்களையே விசாரியுங்கள். நான் அந்த ஒருவனைத்தான் விசாரிக்கவில்லை.

வண்டி விற்கவில்லை. பதிவு 2029 வரை இருக்கிறது. அம்மா இப்போது வெள்ளிக்கிழமை இரவே பெரியம்மாவுக்கு வேண்டிய வெற்றிலையும் ஊறுகாயும் எடுத்துப் பையில் வைத்துவிடுகிறாள். மழை வருமா என்று கேட்பதில்லை. பெரியம்மா வீட்டு வாசலில் அந்தப் பழைய கறை மட்டும் போகவில்லை; சிமெண்டில் ஊறிவிட்டது. எத்தனை தெளித்துத் தேய்த்தாலும், காலை வெயிலில் லேசாகத் தெரியும். மருமகள் அதை நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டு கோலம் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள்.